கால் வராததால் கோல் காத்தவர்: ஃபிராங்க் போர்கியைப் பற்றி ஒரு கேள்வி

எழுதியவர்: சத்துவாச்சாரி கீப்பர்

அனைவருக்கும் வணக்கம். நான் வேலூரில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரிக் கால்பந்து அணியில் கோல்கீப்பர். பள்ளி நாள்களில் வாலிபால் ஆடினேன். தெருக் கிரிக்கெட்டில் ஆறாம் வகுப்பு முதல் இன்றுவரை விக்கெட் கீப்பராகவே நிற்கிறேன். கைக்கு வரும் பந்தை நான் விடுவதில்லை என்று என் அணியினர் சொல்வார்கள். ஆனால் நான் அடிக்கும் கோல்கிக் (எதிரணியால் கோட்டைத் தாண்டிப் போன பந்தைக் கோல் முன்னிருந்து மீண்டும் ஆட்டத்துக்குள் அடிக்கும் உதை) நடுக்கோட்டைத் தாண்டியதே இல்லை. அதனால் எங்கள் பயிற்சியாளர் வாலிபாலையும் கிரிக்கெட்டையும் அடியோடு விட்டுவிடச் சொல்கிறார். நான்கு ஆட்டம் ஆடுகிறவனுக்கு ஓர் ஆட்டமும் வராது என்பது அவர் வாதம்.

இந்நிலையில் ஒரு பழைய வார இதழில் துணுக்கு ஒன்று கண்ணில் பட்டது. 1950ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் இங்கிலாந்தைத் தோற்கடித்த அமெரிக்க அணியின் கோல்கீப்பர் அடிப்படையில் பேஸ்பால் ஆட்டக்காரர் என்றும், அவர் பந்தை உதைக்கவே மாட்டார் என்றும் அதில் இரண்டே வரிகள் இருந்தன. இது உண்மைதானா? உண்மையென்றால் அவர் எப்படிக் கோல் கம்பங்களுக்கு நடுவே வந்து நின்றார், வேறு என்னென்ன ஆடினார், பிற்காலத்தில் என்ன ஆனார் என்பவற்றை அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன். இன்றைய காலத்தில் அப்படி ஒருவர் நிலைத்திருக்க முடியுமா என்பதையும் சொல்ல வேண்டுகிறேன்.

—

எழுதியவர்: காட்பாடி உடற்கல்வி ஆசிரியர் (ஓய்வு)

தம்பி, நீங்கள் படித்த இரண்டு வரிகளும் ஏறக்குறைய உண்மை. 'உதைக்கவே மாட்டார்' என்பது மட்டும் சற்று மிகை. உதைப்பதை முடிந்தவரை தவிர்த்தார் என்பதே சரி.

அவர் பெயர் ஃபிராங்க் போர்கி. 1925 ஏப்ரல் 9ஆம் நாள் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் பிறந்தார். அந்நகரத்தில் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள் வாழ்ந்த 'தி ஹில்' என்னும் பகுதிதான் அவருடைய இடம். அமெரிக்காவில் கால்பந்தை யாரும் சீண்டுவதில்லை என்று நாம் பொதுவாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். செயின்ட் லூயிஸ் அதற்கு விலக்கு. அங்கே கோடையில் பேஸ்பால், குளிர்காலத்தில் கால்பந்து என்பது பையன்களின் வழக்கம். தேவாலயப் பங்குகள் தோறும் கால்பந்து அணிகள் இருந்தன. 1904ஆம் ஆண்டு ஒலிம்பிக் அந்நகரத்தில் நடந்தபோது கால்பந்தில் அமெரிக்கா சார்பாக ஆடிய இரண்டு அணிகளுமே உள்ளூர் அணிகள்தாம். அவற்றில் ஒன்றான கிறிஸ்டியன் பிரதர்ஸ் கல்லூரி அணியில் ஆடிய ஜோசப் லைடன் என்பவர் அதே ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையிலும் பதக்கம் பெற்றார். ஆக, ஒருவர் இரண்டு மூன்று ஆட்டங்களில் கால் வைப்பது அந்த ஊருக்குப் புதிதன்று.

இரண்டாம் உலகப் போரில் போர்கி தரைப்படையில் களமருத்துவ உதவியாளராகப் பணியாற்றினார். காயம்பட்டவர்களைக் குண்டு விழும் இடத்திலேயே சென்று கட்டுப் போடும் வேலை அது. 'ப்ரான்ஸ் ஸ்டார்' (வெண்கல நட்சத்திரம்), 'பர்ப்பிள் ஹார்ட்' ஆகிய இரண்டு பதக்கங்களோடு ஊர் திரும்பியவர், மைனர் லீக் பேஸ்பாலில் தொழில்முறை ஆட்டக்காரராக இறங்கினார். மேஜர் லீக்கிற்கு ஆள் அனுப்பும் கீழ்ப்படிகளே மைனர் லீக்குகள். ஏறிச் செல்பவர்கள் மிகச் சிலர், அங்கேயே தங்கி ஓய்பவர்கள் மிகப் பலர். போர்கி ஏறவில்லை. அவருடைய இடம் தேர்டு பேஸ், அதாவது பந்தை அடித்தவர் ஓடித் தொட வேண்டிய முனைகளில் மூன்றாவதைக் காக்கும் இடம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். குளிர்காலத்தில் பேஸ்பால் கிடையாது. அந்த மாதங்களில் உடம்பு தளர்ந்துவிடக் கூடாதே என்பதற்காகவே அவர் கால்பந்தைத் தொட்டார். காலால் பந்தை ஆள்வது அவருக்கு வரவில்லை. கையோ நன்றாக வந்தது. ஆகவே கோல்கீப்பராக நின்று பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு பந்தை ஒற்றைக் கையால் கவ்வித் தூக்கும் அளவுக்கு அகன்ற உள்ளங்கை அவருக்கு. கோல்கிக்கைத் தடுப்பாட்டக்காரர் ஒருவர் அடிப்பார். ஆட்டத்தின் ஓட்டத்தில் கைக்கு வந்த பந்தை இவர் நெடுந்தூரம் எறிவார். செயின்ட் லூயிஸின் 'சிம்ப்கின்ஸ் ஃபோர்டு' அணி 1948லும் 1950லும் நேஷனல் சேலஞ்ச் கோப்பையை வென்றபோது அதன் கோல்கீப்பர் இவரே. அணியின் பெயரைப் பார்த்தாலே தெரியும், கார் விற்பனையாளர் ஒருவரின் ஆதரவில் நடந்த குழு அது.

1950ஆம் ஆண்டு பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்குச் சென்ற அமெரிக்கர்களில் ஏறத்தாழ அனைவரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆடியவர்கள். வால்டர் பார் பள்ளி ஆசிரியர். ஹாரி கியோ அஞ்சல்துறைக்காரர். ஜோ கேட்யென்ஸ் நியூயார்க்கில் படித்துக்கொண்டே உணவகத்தில் பாத்திரம் கழுவிய ஹெய்ட்டி நாட்டு இளைஞர். போர்கி இறுதி ஊர்வல வண்டி ஓட்டியவர். முதல் ஆட்டத்தில், ஜூன் 25 அன்று குரிடிபா நகரில், ஸ்பெயினுக்கு எதிராக 1-0 என்று முன்னிலை பெற்று, கடைசிப் பத்து நிமிடங்களில் மூன்று கோல்களைக் கொடுத்துத் தோற்றார்கள். 'அமெரிக்கா ஒரே ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் ஜெயித்தது' என்பவர்கள் இந்த முதல் ஆட்டத்தை மறந்துவிடுகிறார்கள்.

ஜூன் 29, பெலோ ஹரிசோன்டே. எதிரில் இங்கிலாந்து: பில்லி ரைட், டாம் ஃபின்னி, வில்ஃப் மேனியன், ஸ்டான் மார்டென்சன், பிற்காலத்தில் பயிற்சியாளராக 1966ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்று தந்த ஆல்ஃப் ராம்சே. தங்கள் நட்சத்திர ஆட்டக்காரரான ஸ்டான்லி மேத்யூஸை அடுத்த ஆட்டங்களுக்காக உட்கார வைத்திருந்தார்கள், அத்தனை மிதப்பு. நான்கைந்து கோல்களுக்குள் அடக்கிவிட்டால் போதும் என்று எண்ணித்தான் களம் இறங்கியதாகப் போர்கியே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். முதல் கால் மணி நேரம் அவர் எண்ணியது போலவே நடந்தது. பந்து அமெரிக்கப் பக்கத்திலேயே கிடந்தது, கம்பத்தில் மோதித் திரும்பியது, போர்கியின் கையில் பட்டுத் திரும்பியது. 38ஆம் நிமிடத்தில் வால்டர் பார் தொலைவிலிருந்து அடித்த பந்தை இங்கிலாந்து கோல்கீப்பர் பெர்ட் வில்லியம்ஸ் ஒரு பக்கம் பாய்ந்து பிடிக்கப் போக, கேட்யென்ஸ் குறுக்கே விழுந்து தலையால் தொட்டுத் திசை மாற்றிவிட்டார். 1-0. மீதி 52 நிமிடங்களும் இங்கிலாந்து முட்டியது. ஆட்டம் முடியும் வேளையில் ராம்சே அடித்த ஃபிரீ கிக்கை ஜிம்மி முல்லன் தலையால் கோலை நோக்கிச் செலுத்த, போர்கி எட்டித் தட்டிவிட்டார். பந்து கோட்டைக் கடந்துவிட்டது என்று இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் முறையிட்டார்கள், நடுவர் ஏற்கவில்லை.

இந்த வரலாற்றை நேரில் கண்டு எழுத அமெரிக்காவிலிருந்து போயிருந்த செய்தியாளர் ஒரே ஒருவர், அவரும் செயின்ட் லூயிஸ்காரர். டென்ட் மெக்ஸ்கிம்மிங் என்பது பெயர். பத்திரிகை அனுப்பாததால் விடுப்பு எடுத்துக்கொண்டு சொந்தச் செலவில் போனார்.

ஜூலை 2 அன்று ரெசிஃபே நகரில் சிலியிடம் 5-2 எனத் தோற்று அணி ஊர் திரும்பியது. வரவேற்பு, ஊர்வலம் எதுவும் கிடையாது. போர்கி 1954 வரை நாட்டணியில் இருந்தார். அதன் பின்னர் இறுதிச்சடங்கு நடத்தும் தொழிலிலேயே வாழ்நாள் முழுதும் இருந்தார். 1976இல் அந்த அணியோடு சேர்த்து அமெரிக்கக் கால்பந்துப் பெருமக்கள் மன்றத்தில் அவர் பெயரும் இடம் பெற்றது. 2015 பிப்ரவரி 2ஆம் நாள், 89ஆம் வயதில் மறைந்தார்.

உங்கள் பயிற்சியாளர் சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்போதும் இலாபம் என்றும் நினைக்க வேண்டாம். நம் பக்கத்து மனிதரான எம். ஜே. கோபாலன் கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி ஒரு பக்கமும் இங்கிலாந்து கிரிக்கெட் பயணம் மறு பக்கமும் நின்றபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. இவருக்கோ அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்ட் ஆட்டத்தில்கூட இடம் கிடைக்கவில்லை. வகுப்பில் இதை நான் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் 'ஐயோ' என்பார்கள்.

—

எழுதியவர்: குடியாத்தம் சாஃப்ட்பால்

ஆசிரியர் ஐயா தேர்டு பேஸ் என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டார். அந்த இடத்தில் பல ஆண்டுகள் நின்றவள் என்பதால் நான் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். நான் ஆடியது சாஃப்ட்பால். போர்கி ஆடியது பேஸ்பால். அளவுகள் வேறு, வேலை ஒன்றுதான்.

வலக்கை ஆட்டக்காரர் மட்டையை முழு வீச்சில் சுழற்றினால் பந்து பெரும்பாலும் தேர்டு பேஸ் பக்கமாகத்தான் பறந்து வரும். பேஸ்பாலில் அடிப்பவருக்கும் தேர்டு பேஸுக்கும் இடையே 90 அடி. நிற்பவர் பெரும்பாலும் அதைவிட அருகில்தான் நிற்பார். கண் இமைப்பதற்குள் பந்து வந்துவிடும். வருவதும் நேராக வராது. தரையில் குத்தி, எழும்பி, எங்கே திரும்பும் என்று தெரியாமல் வரும். ஆகவே எங்களுக்கு முதலில் கற்பிப்பது பந்தைப் பிடிப்பதை அன்று, பந்துக்குப் பின்னால் உடம்பைக் கொண்டுவந்து வைப்பதைத்தான். கை தவறினாலும் நெஞ்சில் பட்டு முன்னால் விழ வேண்டும், பின்னால் போகக் கூடாது. இதைக் கோல்கீப்பர் தம்பிக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஊர் மைதானங்களில், சித்திரை வெயிலில் காய்ந்து ஓடு போலாகிவிட்ட மண்ணில், தரையோடு வரும் பந்து கடைசி நொடியில் துள்ளுவதை அவரும் பார்த்திருப்பார்.

அடுத்தது எறிதல். பந்தை எடுத்த கையோடு ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்தாக வேண்டும். பேஸ்பாலில் அந்தக் குறுக்குத் தூரம் 127 அடிக்குச் சற்று மேல், அதாவது ஏறக்குறைய 39 மீட்டர். ஓடி வருபவர் பேஸைத் தொடுவதற்குள் பந்து போய்ச் சேர வேண்டும் என்பதால் மேலே தூக்கி எறிய முடியாது, தாழ்வாகவும் நேராகவும் போக வேண்டும். இதைப் படித்ததும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 105 மீட்டர் நீளமுள்ள கால்பந்துத் திடலில் பெனால்டி பகுதியின் (கோல்கீப்பர் பந்தைக் கையால் தொடக்கூடிய கட்டத்தின்) விளிம்பிலிருந்து நடுக்கோட்டுக்கு 36 மீட்டர். போர்கி தன் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முறை எறிந்து பழகிய தூரமோ, அதே தூரம்தான் அவருக்குக் கால்பந்திலும் தேவைப்பட்டிருக்கிறது!

ஆனால் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பேஸ்பால் பந்தின் எடை 150 கிராமுக்கும் குறைவு. கால்பந்து 400 கிராமுக்கும் மேல். தோள்பட்டையிலிருந்து ஒரே சுண்டலில் எறிகிற முறை கால்பந்துக்குப் பொருந்தாது. பந்தை ஒற்றைக் கையால் கவ்வ முடிகிறவர்தான் அதை அவ்வளவு தூரம் செலுத்த முடியும். ஐயா குறிப்பிட்ட அந்த அகன்ற உள்ளங்கை இல்லாமல் இது நடந்திருக்காது என்பது என் எண்ணம். தம்பி, முழங்கையை வளைத்துக் கிரிக்கெட் பந்து எறிவது போல் கால்பந்தை எறிந்து பழகாதீர்கள், தோள் போய்விடும். எனக்கு ஒரு முறை போயிருக்கிறது.

—

எழுதியவர்: கம்மவான்பேட்டை முன்னாள் படைவீரர்

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது படையில் இருப்பார் என்பது மாவட்டத்துக்கே தெரியும். நானும் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் போர்கியின் வாழ்க்கையில் அந்தப் பகுதியைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

குண்டுமழையில் காயம்பட்டவர்களை மீட்டவருக்கு ஒரு பந்து எம்மாத்திரம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு இது பிடிப்பதில்லை. களத்தில் ரத்தம் பார்த்தவன் எல்லாம் பதற்றமில்லாதவனாகிவிடுவதில்லை. பலர் அதற்கு நேர்மாறாகத்தான் ஆகிறார்கள். போர் அவரைக் கோல்கீப்பர் ஆக்கவில்லை, பேஸ்பால்தான் ஆக்கியது. போர் அவரிடமிருந்து இளமையில் சில ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டுகள் கையில் இருந்திருந்தால் அவர் பேஸ்பாலிலேயே மேலே போயிருக்கலாம், கால்பந்துப் பக்கம் வராமலே இருந்திருக்கலாம்.

படையும் ஆட்டமும் என்று பேச்சு வந்துவிட்டதால் நம் தங்கராஜைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பீட்டர் தங்கராஜ் ஐதராபாத்தில் பிறந்த தமிழர். 1953இல் நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் சேர்ந்தார். அப்போது அவர் ஆடியது சென்டர் ஃபார்வர்டாக. கோல் அடிக்க வேண்டியவரைப் பின்னுக்குக் கொண்டுபோய்க் கோல் காக்க வைத்தார்கள். அந்த மாற்றம் இந்தியக் கால்பந்துக்கே வாய்ப்பாக முடிந்தது. மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை வென்றது. தங்கராஜ் 1956, 1960 ஒலிம்பிக் அணிகளில் இருந்தார். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார்.

போர்கிக்கும் இவருக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். போர்கி கால் வராததால் கோலுக்கு வந்தவர். தங்கராஜ் கால் நன்றாக வந்தும் கோலுக்கு வந்தவர். முன்னால் நின்று ஆடியவருக்கு எதிராளி எந்தக் காலால் எப்போது அடிப்பான் என்பது தெரியும். எங்கள் பிரிவு அணியில் நான் பத்து ஆண்டுகள் கோல் காத்தேன். எனக்கு முதல் ஐந்து ஆண்டுகள் அது தெரியவே இல்லை. ஆகவே தம்பி வேறு ஆட்டங்களை ஆடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், பயிற்சியின்போது வாரத்துக்கு ஒரு நாளாவது முன்வரிசையில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

—

எழுதியவர்: அரக்கோணம் நடுவர்

மேலே எழுதியவர்கள் அனைவரும் போர்கியின் கையைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். அவர் காலத்து விதிகளைப் பற்றியும் பேச வேண்டும். தம்பியின் கடைசிக் கேள்விக்கு, அதாவது இன்று அப்படி ஒருவர் நிலைக்க முடியுமா என்பதற்கு, விடை அங்கேதான் இருக்கிறது.

1950இல் ஒரு தடுப்பாட்டக்காரர் நெருக்கடியில் சிக்கினால் பந்தைத் திருப்பித் தன் கோல்கீப்பருக்குத் தட்டிவிடுவார், அவர் குனிந்து கையால் எடுத்துக்கொள்வார். அத்தோடு நெருக்கடி தீர்ந்தது. எடுத்த பந்தை எறிவதா உதைப்பதா என்பது அவர் விருப்பம். போர்கி எறிந்தார். 1992இல் இந்த வழியை அடைத்துவிட்டார்கள். தன் அணியினர் வேண்டுமென்றே காலால் தட்டிவிடும் பந்தை இன்று கோல்கீப்பர் கையால் தொட்டால் எதிரணிக்கு மறைமுக ஃபிரீ கிக். அந்த ஒரே விதி கோல்கீப்பரின் வேலையையே மாற்றிவிட்டது. எதிராளி பாய்ந்து வருகையில் காலால் பந்தை நிறுத்தி, பார்த்து, சரியான ஆளுக்கு அனுப்பத் தெரியாதவரை இன்று மாவட்ட லீக்கில்கூடக் குறிவைத்து நெருக்குகிறார்கள். நான் ஊதும் ஆட்டங்களிலேயே பார்க்கிறேன்: கீப்பரின் இடது கால் பலவீனம் என்று தெரிந்தால் போதும், அந்தப் பக்கமாகவே விரட்டுவார்கள்.

கோல்கிக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. தடுப்பாட்டக்காரர் மெல்லத் தட்டிக் கொடுக்க, கோல்கீப்பர் அதைக் கையில் எடுத்துக்கொள்ளும் பழைய வழக்கத்தை 1936ஆம் ஆண்டிலேயே தடுத்துவிட்டார்கள். அதன்பின் பந்து பெனால்டி பகுதியை விட்டு வெளியே போனால்தான் ஆட்டம் தொடங்கியதாகக் கொள்ளப்பட்டது. ஆகவேதான் போர்கிக்குப் பதிலாக இன்னொருவர் ஓங்கி அடிக்க வேண்டியிருந்தது. அதனால் அணிக்கு ஓர் ஆள் நட்டம்: அடித்தவர் தன் இடத்துக்கு ஓடித் திரும்பும்வரை அங்கே வெற்றிடம். அதைப் பொறுத்துக்கொண்டு அவரை வைத்திருந்தார்கள் என்றால் அவர் கை எத்தனை மதிப்புடையதாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். 2019 முதல் பந்து பெனால்டி பகுதிக்குள்ளேயே அணித்தோழருக்குத் தட்டப்படலாம். நடுக்கோட்டைத் தாண்டி அடிக்க முடியாத தம்பிக்கு இது ஆறுதல்தான், ஆனால் பந்து உடனே அவர் காலுக்கே திரும்பி வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

முல்லனின் தலையடி பற்றி ஒரு சொல். கோட்டைக் கடந்ததா இல்லையா என்பதை இன்றைக்கு நாம் இங்கே உட்கார்ந்து தீர்க்க முடியாது. அன்றைய நடுவர், இத்தாலியரான ஜெனரோசோ டட்டிலோ, தன் கண்ணை நம்பித் தீர்ப்பளித்தார். அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். சற்று முன்பு கோலை நோக்கித் தனியாகப் பாய்ந்த மார்டென்சனைச் சார்லி கொலம்போ பின்னாலிருந்து வாரி வீழ்த்தினார். அதிலிருந்துதான் ராம்சேயின் அந்த ஃபிரீ கிக் வந்தது. இன்றாக இருந்தால் கொலம்போவுக்குச் சிவப்பு அட்டை. உலகக் கோப்பையில் அட்டைகள் வந்ததே 1970இல்தான் என்பதால் அவர் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

—

எழுதியவர்: சத்துவாச்சாரி கீப்பர்

ஐயாக்களுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. இந்தப் பக்கத்தை எங்கள் பயிற்சியாளரிடம் காட்டினேன். நடுவர் ஐயா எழுதியதை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டு, 'இதைத்தான் நானும் சொல்கிறேன்' என்றார். வாலிபால் தொடரலாம், கிரிக்கெட் போட்டி நாள்களுக்கு முந்தின வாரம் கூடாது என்பது இப்போதைய உடன்பாடு. பதிலுக்கு நாள்தோறும் காலையில் அரை மணி நேரம் இடது காலால் மட்டும் சுவரில் அடித்துப் பழக வேண்டும்.

இன்னும் இரண்டு ஐயங்கள். போர்கிக்கு முன்னால் அமெரிக்காவில் பெயர் பெற்ற கோல்கீப்பர் யாராவது இருந்தார்களா? போர்கி எத்தகைய கையுறை அணிந்தார்? என்னுடையது கிழிந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்பதால் கேட்கிறேன்.

—

எழுதியவர்: காட்பாடி உடற்கல்வி ஆசிரியர் (ஓய்வு)

தம்பி, முதல் கேள்விக்கு விடை ஜிம்மி டக்ளஸ். 1898இல் நியூஜெர்சி மாநிலத்தின் ஈஸ்ட் நியூவர்க்கில் பிறந்தவர். நம் ஊரீசு கல்லூரிக்குப் பெயர் தந்த வூரீஸ் குடும்பமும் அதே நியூஜெர்சிதான் என்பதால் எனக்கு அந்தப் பெயர் உடனே மனத்தில் தங்கிவிட்டது. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் எஸ்டோனியாவுக்கு எதிராக அமெரிக்கா 1-0 என வென்றபோதும், அடுத்த ஆட்டத்தில் உருகுவேயிடம் 3-0 எனத் தோற்றபோதும் கோல் காத்தவர் இவர். சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் தொடங்கிய அமெரிக்கர் ஹாரி குரோ பக் இந்திய அணியோடு போனதும் அதே பாரிஸ் ஒலிம்பிக்கிற்குத்தான். அக்கல்லூரியில் படித்தவன் என்பதால் இதை இடையில் நுழைத்துவிட்டேன், பொறுத்துக்கொள்க.

டக்ளஸின் பெயர் நிலைத்தது 1930 ஜூலை 13 அன்று. முதலாவது உலகக் கோப்பையின் முதல் நாள், மான்டெவீடியோ நகரத்தில் பெல்ஜியத்தை அமெரிக்கா 3-0 என வென்றது. ஒரு கோலும் விடாமல் ஓர் உலகக் கோப்பை ஆட்டத்தை முடித்த முதல் கோல்கீப்பர் என்னும் சிறப்பு அன்று அவருக்கு வந்தது. நான்கு நாள் கழித்துப் பராகுவேக்கு எதிராகவும் அதே 3-0. ஜூலை 26 அன்று அரையிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அவருக்குக் காலில் அடிபட்டது. மாற்று ஆட்டக்காரர் என்னும் ஏற்பாடே அப்போது கிடையாது. அவருடைய அணித்தோழர் ரஃபேல் டிரேசிக்குக் கால் எலும்பு முறிந்தது. இடைவேளைக்குப் பிறகு அமெரிக்கா பத்துப் பேரோடு ஆடியது. நொண்டிக்கொண்டே கோல் காத்தார் டக்ளஸ். முடிவு 6-1. அந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து அவரை எடை போடுகிறவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு.

இனிக் கையுறை. அந்த 1950ஆம் ஆண்டு அமெரிக்க அணியில் கையுறைக்குப் பேர்போனவர் போர்கி அல்லர், நடுவர் ஐயா மேலே குறிப்பிட்ட தடுப்பாட்டக்காரர் சார்லி கொலம்போ. ஒவ்வோர் ஆட்டத்திலும் கையுறை மாட்டிக்கொண்டே இறங்குவார். 'கையுறை' என்பதே அவருடைய பட்டப்பெயராகிவிட்டது. ஆகவே போர்கியைப் பார்த்து நீங்கள் கையுறை வாங்க முடியாது. நேதாஜி விளையாட்டரங்கத்துக்கு ஞாயிறு காலை வந்தால் என்னிடம் அதிகம் பயன்படுத்தாத ஒரு ஜோடி இருக்கிறது, தருகிறேன். உங்கள் உள்ளங்கை அளவை மட்டும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.